அடுக்களை மேடைக்கு ஒரு டெண்டர்

சொந்த வீட்டைப் புதுப்பிக்க டெண்டர் விட்டவன் செம்பூரில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். மூடி முத்திரையிட்ட உறை, கடைசித் தேதி, உறைகளைத் திறக்கும் நாள், நேரம், இடம் எல்லாம் போட்டு, நாற்பத்திரண்டு இனங்கள் கொண்ட வேலைப் பட்டியலும் சேர்த்து. இந்தக் கதையை நான் சொல்லும்போது மனைவி பக்கத்தில் இருந்தால் தலையில் அடித்துக்கொள்வாள். அவள் இல்லாவிட்டால் நானே அடித்துக்கொள்கிறேன்.

நான் முப்பத்து நாலு வருஷம் அரசு உத்தியோகம் பார்த்தவன். அதில் முக்கால்வாசி கொள்முதல் பிரிவில். குண்டூசி வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வாங்கிப் பழகிய கை இது. குடியிருப்பு அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ். அங்கே குழாய் ஒழுகினால் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தால் போதும், ஆள் வந்து சரி செய்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இத்தனை வருஷத்தில் நான் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. ஆணி அடிக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் குறிப்பிட்ட நாளுக்குள் காலி செய்தாக வேண்டும். போக இடம் இருந்தது. செம்பூரில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், எப்போதோ கடன் போட்டு வாங்கி வாடகைக்கு விட்டிருந்த பிளாட். கடைசியாகக் குடியிருந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு நானும் அவளும் போய்த் திறந்து பார்த்தோம். குளியலறைத் தரை நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஹால் சுவிட்சைத் தொட்டால் விளக்கு எரியவில்லை, விரல் மட்டும் சுரீரென்றது. அடுக்களை மேடை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டிருந்தது. ஜன்னலைத் திறக்கப் போனேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

அந்தக் கைப்பிடியை என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றபோதுதான் அவள் சொன்னாள். "எனக்கு மார்பிள் வேண்டாம், ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அடுக்களை மேடை மட்டும் என் ஒசரத்துக்கு இருக்கணும். கேட்டேளா?"

"நோட் பண்ணிண்டாச்சு" என்றேன்.

அவள் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். நான் ஐந்தடி பதினொன்று. எங்கள் கல்யாணப் போட்டோவில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள். அப்படியும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாகத்தான் இருக்கிறோம். குவார்ட்டர்ஸ் அடுக்களையில் அவள் ஒரு பலகைமேல் நின்றுதான் சமைப்பாள். நாலு விரல்கடை உயரம், நல்ல கனம். கல்யாணமான முதல் மாதம், "மேடை ஒசரமா இருக்குன்னா, குக்கருக்குள்ள என்ன இருக்குன்னே தெரியலை, தோள் வலிக்கறது" என்று அவள் சொன்னபோது, ஆபீஸில் கழித்துக்கட்டிய சாமான்களை ஏலம் விட்ட இடத்தில் ஒரு பெட்டி மூடியை முறைப்படி ஏலம் எடுத்து, நாலு கட்டை அடித்துக் கொடுத்தேன். அதற்கு ரசீதுகூட இருக்கிறது. அதன் பிறகு மூன்று குவார்ட்டர்ஸ் மாறினோம், பலகையும் கூடவே வந்தது. முப்பத்தோரு வருஷம் அவள் அதன்மேல் நின்றாள். நான் அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, வீட்டை யாரிடம் கொடுப்பது? கேட்ட இடமெல்லாம் ஒரு திகில் கதை இருந்தது. சான்பாடாவில் இருக்கும் என் மச்சினன் வீட்டில் ஹால் தரை முழுவதையும் பெயர்த்துப் போட்டுவிட்டு, ஊரில் தம்பி கல்யாணம் என்று போன காண்டிராக்டர், அந்தத் தம்பிக்குக் குழந்தை பிறந்து காது குத்தும்வரை திரும்பி வரவில்லை. விக்ரோலியில் என் பழைய சக ஊழியர் வீட்டில் கழிவறைக் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். ஆள் உள்ளே உட்கார்ந்தால் கதவு முழங்காலில் இடிக்கும், மூட முடியாது. வீட்டில் யாராவது பாடிக்கொண்டே இருந்தால் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தம். எல்லோரும் கடைசியில் ஒரே புத்திமதி சொன்னார்கள். "நம்பிக்கையான ஆளாப் பாத்துக் குடுங்கோ." அந்த நம்பிக்கையான ஆளின் போன் நம்பர் மட்டும் யாரிடமும் இல்லை.

பெங்களூரில் இருக்கும் மகள், "அப்பா, ஆப்ல ஸ்டார் பாத்து புக் பண்ணிடுங்கோ" என்றாள். யாரோ போட்ட நட்சத்திரத்தை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்பதா? எனக்கு ஆளை நம்பத் தெரியாது. தெரிந்ததெல்லாம் முறை. முறையாகக் கேட்டு, முறையாகத் திறந்து, முறையாகத் தேர்ந்தெடுத்தால் எந்தத் தில்லுமுல்லும் நடக்காது என்று முப்பத்து நாலு வருஷம் நம்பியவன். ஆகவே டெண்டர்.

பட்டியலை நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடித்தேன். இனம் ஒன்று, குளியலறைத் தரையைப் பெயர்த்தல். இனம் இரண்டு, பெயர்த்ததை மூட்டை கட்டி அப்புறப்படுத்துதல். இப்படியே போய், இனம் இருபத்தேழு, கறுப்புக் கிரானைட் கல்லில் அடுக்களை மேடை. உயரம் என்ற இடத்தில் வந்து நின்றேன். 'என் ஒசரத்துக்கு' என்று எழுத முடியுமா? டெண்டரில் அளவு இருக்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் குவார்ட்டர்ஸ் அடுக்களை மேடையை அளந்தேன். அவள் இத்தனை வருஷம் பழகிய மேடை, இதைவிடப் பொருத்தமான அளவு எங்கே கிடைக்கும்? முப்பத்து நாலு அங்குலம் என்று அடித்தேன். அவள் அப்போது மாட்டுங்காவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அந்த அக்கா வீட்டில் குளியலறை வேலை செய்தவரையும் கூப்பிட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியிலேயே வளர்ந்தவர். "அக்கா ஆத்துல மூணு மழை ஆச்சு, ஒரு சொட்டுக் கசியலை" என்றாள். தகுதி உள்ள எவரும் பங்கு பெறலாம் என்று சொல்லிவிட்டேன். ஆக, வீட்டைப் பார்வையிட நான் குறித்த நாளில் நாலு பேர் வந்தார்கள்.

மூன்று பேர் பட்டியலை வாங்கி, பயபக்தியோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். தாராவிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் ஒரு சிவப்புப் பென்சில். பட்டியலை வாங்கினார், முதல் பக்கம் பார்த்தார், கடைசிப் பக்கம் பார்த்தார், ஜன்னல் விளிம்பில் வைத்து அது பறக்காமல் இருக்கத் தன் மொபைலை அதன்மேல் வைத்தார். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே அறை அறையாகப் போனார். "இங்க உள்ள காலியா கெடக்கு" என்றார் ஓர் இடத்தில். "இது பரவால்ல" என்றார் இன்னோர் இடத்தில். அடுக்களைக்குள் வந்ததும் நாணயத்தைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இங்க சமையல் யாரு பண்ணுதா?"

"அது எதுக்கு இப்போ?" என்றேன். பட்டியலில் அந்தத் தகவலுக்கு இடமே இல்லை.

"சாரா, அம்மாவா?"

"நான்தான்" என்றாள் என் மனைவி, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி.

"அப்பம் செருப்பக் கழத்திட்டு இங்க வந்து நில்லுங்கம்மா. இருங்க, ஆணி கெடக்கும், கூட்டிவிடுதேன்." மூலையில் கிடந்த பழைய துடைப்பத்தால் இரண்டடிக்கு இரண்டடி இடத்தைக் கூட்டினார். "ஆங், இப்பம் தோசை வாக்குத மாதிரி கைய வைங்க."

"கரண்டி இல்லையே."

"இருக்குன்னு நெனைச்சுக்கிடுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இல்லாத கல்லில் இல்லாத மாவை ஊற்றி வட்டமாகத் தேய்த்தாள். "சரி, இப்பம் குக்கர்ல பருப்பு கடையுங்க" என்றார். அவள் கடைந்தாள். அவர் கையைப் பார்க்கவில்லை, அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அவள் முழங்கைக்குக் கீழே அரைச் சாண் இடம் விட்டு, மேடை முடியும் இடத்திலிருந்த தூணில் ஒரு கோடு போட்டார். "இம்புட்டுத்தான் ஒசரம். இதுக்கு மேல போனா அம்மாவுக்குத் தோளு போயிரும்."

நாடகம் முடிந்ததல்லவா என்று நான் காரியத்துக்கு வந்தேன். "மொத்தம் எவ்வளவு ஆகும்? உறையில் போட்டுக் கொடுக்கணும்."

"ஒடைச்சுப் பாக்காம எப்பிடி சார் சொல்லுவேன்? சொவத்துக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இப்பம் ஒரு ரேட்டு சொன்னா அது பொய்யி. பொய்யி வேணும்னாச் சொல்லுதேன்."

என் சர்வீஸில் எந்த சப்ளையரும் பொய்யை இவ்வளவு வெளிப்படையாகக் கொட்டேஷனில் தருவதாகச் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வேண்டாம்" என்றேன். அவர் மொபைலை எடுத்துக்கொண்டார், பட்டியலை ஜன்னலிலேயே விட்டுவிட்டுப் போனார். உறை கொடுக்காததால் தகுதி இழந்தார் என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அவள் அன்று பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உறைகளைத் திறக்கும் வைபவம் குவார்ட்டர்ஸில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. பங்கேற்பாளர்கள் முன்னிலையில் திறப்பதுதான் முறை. இரண்டு பேர் நேரில் வந்தார்கள், மூன்றாமவர் தன் மைத்துனரை அனுப்பியிருந்தார். ஓர் உறை கல்யாணப் பத்திரிகை உறை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. என் மனைவி வடை போட்டிருந்தாள். என்ன நடக்கிறது என்று விருந்தாளிகளுக்குப் பிடிபடவில்லை. ஏதோ பூஜை என்று நினைத்தார்களோ என்னவோ, நான் உறையைக் கிழித்துத் தொகையைப் படித்தபோது மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மிகக் குறைந்த விலை போட்டவருக்குத்தான் வேலை, எங்கள் பாஷையில் எல்-ஒன். அவர் செம்பூர்க்காரர், இந்தியில்தான் பேசுவார். அவருடைய விசிட்டிங் கார்டில் இன்டீரியர், வாட்டர்ப்ரூஃபிங், கொசுவலை, பாஸ்போர்ட் எல்லாம் இருந்தன. கையெழுத்தானது.

இனி அவரை எல்-ஒன் என்றே சொல்கிறேன். இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் அவர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மாயமாகிவிடுவார். எல்-ஒன் மாயமாகவில்லை. தங்கமான மனிதர். காலை பத்துக்கு வந்தார், இரண்டுக்கு நிறுத்தினார், நாலுக்குத் தொடங்கி ஆறுக்கு முடித்தார். எங்கள் கட்டிட சொசைட்டியில், அதாவது குடியிருப்போர் சங்கத்தில், சத்தம் போடும் வேலைக்கு அந்த நேரம்தான் அனுமதி. நடுவில் வரும் இரண்டு மணி நேரம் செகரட்டரி தூங்கும் நேரம். தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும், கீழே 'ஐட்டம் 14 காம்ப்ளீட்' என்று இருக்கும். நான் பட்டியலில் டிக் அடிப்பேன். பதினாலு, பதினைந்து, பதினாறு. வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. அவள் எப்போதாவது, "நானும் ஒரு நடை வந்து பாக்கட்டுமா?" என்பாள். "நீ பாத்திரத்தைக் கட்டு, மேற்பார்வை என் பொறுப்பு" என்பேன்.

இனம் இருபத்தேழு முடிந்து ஒரு வாரம் கழித்து அவளை அழைத்துப் போனேன். காலி செய்ய இன்னும் பத்து நாள் இருந்தது. பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள். குளியலறையைப் பார்த்து, "நன்னாருக்கு" என்றாள். ஹால் சுவிட்சைப் புடவைத் தலைப்பால் தொட்டுப் பார்த்து, விளக்கு எரிந்ததும் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பளபளவென்று இருந்த கறுப்புக் கல்முன்னால் நின்று, தோசை வார்ப்பது போலக் கையை வைத்தாள்.

தோள் மேலே ஏறியது. எனக்கே தெரிந்தது.

அவள் கையை இறக்கினாள். மேடை முடியும் இடத்துக்குப் போனாள். சாயம் பூசுவது கடைசி இனம் என்பதால் தூண் அப்படியே இருந்தது. கல்லின் விளிம்புக்கு நாலு விரல்கடை கீழே அந்தச் சிவப்புக் கோடு. அவள் அதன்மேல் விரலை வைத்து ஒரு தடவை தேய்த்தாள், அழியவில்லை. பிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"பலகையைத் தூக்கிப் போட்டுடாதேங்கோ" என்றாள். "வேண்டியிருக்கும்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் சொல்வதில் நல்ல அனுபவம் உண்டு. காபியை மேடைமேல் வைத்தேன். அன்று டேப் வைத்து அளந்தது அப்படியே கண்முன் வந்தது. குனிந்து டேப்பின் நுனியைத் தரையில் வைக்கப் போனபோது ஏதோ தடுத்தது. காலால் தள்ளிவிட்டு அளந்தேன். தள்ளியது அந்தப் பலகையைத்தான். முப்பத்தோரு வருஷம் அவள் நின்ற பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு, இதுதான் அவள் உயரம் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மாமனார் இன்று இருந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

எல்-ஒன்னைக் கூப்பிட்டு, என்னய்யா இது என்று கத்தினேன். அவர் பதறவில்லை. பையிலிருந்து பட்டியலை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பி, இனம் இருபத்தேழின்மேல் விரலை வைத்தார். முப்பத்து நாலு அங்குலம். பக்கத்தில் என் கையெழுத்து. "சாப், ஆப்கா சைன்" என்றார் பணிவாக. அவர் தன் டேப்பை எடுத்து அளந்தும் காட்டினார். நூலளவு பிசகில்லை. கல்லைத் திரும்ப எடுத்தால் உடையும், தன்னால் உறுதி தர முடியாது, அடுத்த வேலையும் தொடங்கிவிட்டது, வேண்டுமானால் மேடம் நிற்க அழகாக ஒரு சின்னப் படி கட்டித் தருகிறேன் என்றார். என் கோபத்துக்கு ஆள் தேடினேன். அந்த அறையில் எல்லாரும் நாணயமானவர்கள், என்னைத் தவிர.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் தாராவிக்குப் போனேன். மாட்டுங்கா அக்காவிடம் விசாரித்து, சந்துக்குள் சந்தாகப் போய்க் கண்டுபிடித்தேன். ஒரு சின்ன அறை, கூரைவரை வெவ்வேறு வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ். சிவப்புப் பென்சில்காரர் வாசலில் ஒரு தகட்டை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வாங்க சார். கவர் கொண்டாந்தியளா?"

இதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். இருந்தாலும் காது சூடானது. சிமென்ட் மூட்டைமேல் ஒரு துண்டை விரித்து உட்கார வைத்தார், அரை கிளாஸ் கட்டிங் சாயா வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காலால் தள்ளியது உட்பட. எதற்கு அதையும் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அந்தாளு நல்ல வேலக்காரன்தான் சார், எனக்குத் தெரியும்" என்றார். "நீங்க எழுதுனதக் கட்டிருக்கான். அவன் மேல என்னத்தச் சொல்ல?"

"கல்லை உடையாம எடுக்க முடியுமா?"

"ஒடஞ்சாலும் ஒடயும். ஒடயாமலும் வரும். எழுதித் தாங்கன்னு கேக்காதிய."

"கேக்கலை."

"ஒரு கண்டிசன் உண்டும். அன்னைக்கி அம்மா வரணும். பேப்பர் வரக் கூடாது."

"நான்?"

யோசித்தார். "நீங்க வரலாம். பேனா கொண்டாராதிய."

இரண்டு நாள் கழித்து மூன்று ஆட்களோடு வந்தார். நான் பேனா இல்லாமல் வந்திருந்தேன். சட்டைப் பை லேசாக இருந்ததால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கல் உடைந்தால் வேறு கல் வாங்கி அறுத்துப் பதிக்க நாள் இல்லை. பலகையோடுதான் புது வீட்டுக்குக் குடிவர வேண்டும். அவளுக்கும் அது தெரியும். ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சிமென்டை மெல்லிய பிளேடால் அறுக்கவே மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. பிறகு சின்னச் சின்ன மர ஆப்புகளைச் சொருகி, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தட்டு தட்டி, அடுத்ததுக்குப் போனார். "பைய, பைய, அவசரப்படாதிய" என்று கல்லிடம் சொல்கிறாரா ஆட்களிடம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. கல் ஒரு முறை முனகியது. அவள் திரும்பவில்லை. நாலு பேருமாகத் தூக்கினார்கள். முழு நீளக் கல், ஓர் ஓரம்கூடச் சிதறாமல், மேலே வந்தது.

அந்த நேரம் வாசலில் செகரட்டரி. பனியனோடு, கையில் கடிகாரத்தோடு. மணி இரண்டு. வேலையை உடனே நிறுத்த வேண்டும், இது விதி, நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார். அந்த வாரம் என் கையெழுத்துக்கு நேரம் சரியில்லை.

கல்லைத் தூக்கியபடியே தாராவிக்காரர் இந்தியில் அமைதியாகக் கேட்டார். நிறுத்தியாயிற்று சேட், இதை எங்கே வைப்பது, காட்டுங்கள். செகரட்டரி சுற்றிப் பார்த்தார். தரை முழுவதும் கருவிகளும் உடைசலும். ஒரு மூலை மெல்லச் சாய ஆரம்பித்தது. செகரட்டரி கடிகாரத்தைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு ஓடி வந்து அந்த மூலையைப் பிடித்தார். நான் இன்னொரு மூலையைப் பிடித்தேன். எங்கள் கைக்குக் கல் மாறியதும், ஆட்களில் இருவர் கீழே உட்கார்ந்து தாங்கு கற்களை அறுத்தார்கள். சொசைட்டி சரித்திரத்தில் தூங்கும் நேரத்தில் நடந்த முதல் சத்தம் அது. அதை நடத்திக் கொடுத்தவர் செகரட்டரி. கல் இறங்கி உட்கார்ந்தபோது அவர்தான் முதலில், "பராபர் ஹை!", சரியாக இருக்கிறது, என்று கத்தினார்.

"அம்மா, வாங்க" என்றார் தாராவிக்காரர்.

அவள் வந்து நின்றாள். இந்த முறை கரண்டி கொண்டுவந்திருந்தாள், கைப்பையிலிருந்து எடுத்தாள். தோசை வார்த்தாள், பருப்புக் கடைந்தாள். தோள் அசையவில்லை. கல்லின் விளிம்பு சிவப்புக் கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது, சிமென்ட் தூசி என்றாள்.

கல் இறங்கியதால் அதற்கும் சுவர் டைல்ஸுக்கும் நடுவில் நாலு விரல்கடை இடைவெளி வந்துவிட்டது. அதை மிஞ்சிய கறுப்புக் கல்லால் பட்டையாக அடைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "இந்த பார்டர் நன்னாருக்கே, யாரோட ஐடியா?" என்று கேட்கிறார்கள். "அது இவரோட டெண்டர்" என்கிறாள்.

கிளம்பும்போது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மாவுக்கு சரியாயிட்டு. நீங்க ஏதும் அடுப்படிப் பக்கம் போவியளா?"

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து பாத்திரம் தேய்க்கறது நான்தான்."

"அப்பம் ஒங்களுக்கு நின்னு தேய்க்க ஒரு குழி தோண்டணும்லா" என்று சொல்லிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனார். வீடு மாறும் நாளில் பலகையைக் கீழே லாரியில் ஏற்றப் போனேன். அவள் தடுத்து, குவார்ட்டர்ஸ் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள். அதன்மேல் உட்கார்ந்து அவர் பேப்பர் படிக்கிறார் என்று கேள்வி.

புது வீட்டில் முதல் நாள் காலை காபிக்காக அடுக்களைக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏதோ மாதிரி இருந்தது. அவள் டிகாக்ஷன் ஊற்றிக்கொண்டிருந்தாள், அதே புடவை, அதே பின்னல், ஆனால் யாரோ மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பலகை வந்த பிறகு அடுக்களையில் அவள் தரையில் நின்று சமைத்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன பாக்கறேள்?"

"நீ இவ்வளவு குள்ளமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பாத்திருக்கணும்" என்றாள். காபியைக் கொடுத்துவிட்டு, "தோள் வலிக்கவே இல்லைன்னா" என்றாள். அவள் சிரித்தது ஹாலுக்குக் கேட்டிருக்கும்.

குடித்துவிட்டு நான் பாத்திரம் தேய்க்கப் போனேன். தொட்டியும் மேடையோடு நாலு விரல்கடை இறங்கியிருந்தது. ஐந்தடி பதினொன்று குனிந்து நாலு டம்ளர் தேய்ப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. தினமும் பிடித்துக்கொள்கிறது. "முதுகு வலிக்கறதா?" என்று ஹாலிலிருந்து கேட்பாள். "இல்லையே" என்பேன். சொல்ல மாட்டேன். சொன்னால் மறுநாளே தாராவிக்குப் போய் அந்த மனிதரைக் கூட்டிவந்து மேடையை எனக்காக நாலு விரல்கடை உயர்த்திவிடுவாள். அவளுக்கு ஒரு நாள் போதும். எனக்கு முப்பத்தோரு வருஷம் ஆயிற்று.